பாலைவனத்தில் ஆடி அமாவாசை

நெவாடா பாலைவனத்தில் இருக்கும் ஒரு சூதாட்ட ஹோட்டலில் எந்த மாடியில் ஐஸ் மெஷின் பழுதாகிக் கிடக்கிறது என்பது, பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். எந்த லிஃப்டில் போனால் நீச்சல்குளம், எதில் போனால் நாடக அரங்கு, குறைந்த பணத்துக்குச் சீட்டாடும் மேசை எந்த மூலையில், நாய்க்குட்டியோடு வந்தால் எந்த வாசல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். லாஸ் வேகாஸுக்கு நான் போனதே இல்லை. அந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் செல்போனில் எதையாவது தட்டிக் கேட்டால், பதில் தட்டுகிற பன்னிரண்டு பேரில் நான் ஒருத்தி. துண்டு கேட்பார்கள், தலையணை கேட்பார்கள். தோற்றுவிட்டு வந்த எரிச்சலில் நம்மைத் திட்டுவார்கள். எதற்கும் கோபப்படாமல் "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி" என்று முடிக்க வேண்டும். என் வாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

காலை ஐந்து மணிக்கு என் ஷிப்ட் தொடங்கும். நமக்கு விடிகிற நேரம் அங்கே முந்தின நாள் சாயங்காலம். நாலு வருடமாக இப்படித்தான். நடுவில் ஒரு முறை கம்பெனியில் பயிற்சிக்கென்று அங்கே அனுப்பப் பார்த்தார்கள். சென்னைக்குப் போய் விசாவுக்கு நின்றேன். கல்யாணம் ஆகவில்லை, சொத்து இல்லை, நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன நிச்சயம் என்கிற மாதிரி இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரவு பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்து, மறுநாள் காலை ஐந்து மணிக்கு யாருக்கோ நீச்சல்குளத்துக்கு வழி சொன்னேன். வீட்டில் அதைப் பற்றி நான் பேசவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அப்பா கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது, சர்க்கரை வியாதி, பிடிவாதம் மூன்றும் உண்டு. கம்பத்தில் ஏறிச் சம்பாதித்தவருக்கு, மேசை முன்னால் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குத் தலையணை அனுப்புவதெல்லாம் ஒரு வேலையாகத் தோன்றாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் கலிபோர்னியாவில் இருக்கும் என் தம்பி அவரை இரண்டு மாதத்துக்கு அழைத்துப் போயிருந்தான். விடுமுறையில் குடும்பத்தோடு லாஸ் வேகாஸ் போகலாம் என்று அவன் சொன்னதும் எனக்கு ஒரு வீம்பு வந்தது. "வேற எங்கயும் போடாத, என் ஹோட்டல்லயே போடு" என்றேன். எங்களுக்கென்று ஒரு சலுகை உண்டு. அதில் நானே இரண்டு ரூம் எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கத்து ரூம் விலை அதிகம் என்பதால் பின்பக்கம்.

அப்பா முரண்டு பிடித்தார். வீடியோ காலில் வந்து, "ஏட்டி, அன்னைக்கு ஆடி அமாவாசைல்லா" என்றார். "சூதாடுத ஊர்ல போயி எங்கன எள்ளும் தண்ணியும் விட?"

தாத்தா செத்த வருடத்திலிருந்து அப்பா ஆடி அமாவாசைக்கு முதல் பஸ் பிடித்துப் பாபநாசம் போவார். ஆற்றில் வெள்ளம் வந்தாலும் போவார், காய்ச்சலோடும் போவார். தாத்தா பெயரும் ஆச்சி பெயரும் சொல்லித் தர்ப்பணம் பண்ணி முடிக்கிற வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இது தெரிந்த நான்தான் சொன்னேன்.

"அங்கனயும் தண்ணி இருக்குப்பா. ஹோட்டலுக்குள்ளயே ஆறு ஓடுது."

"ஓடுத தண்ணியா?"

"ஓடுத தண்ணிதான். வளஞ்சு வளஞ்சு ஓடும். தெனமும் எத்தன பேருக்கு அங்க போவ வழி சொல்லுதேன், எனக்குத் தெரியாதா?"

அவர் சரி என்று சொல்லிவிட்டார். நான் ஆறு என்று சொன்னது, நீச்சல்குளத்தைச் சுற்றி வாய்க்கால் மாதிரி கட்டி மோட்டார் வைத்து ஓடவிட்டிருக்கும் இடுப்பளவு தண்ணீர். குளோரின் வாடை அடிக்கும் என்று விருந்தினர்கள் புகார் எழுதுவார்கள். ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்து, கையில் பீர் டம்ளரோடு சுற்றிச் சுற்றி மிதப்பார்கள். அங்கே போனபிறகு அப்பா பார்த்து முகத்தைச் சுளிப்பார், தம்பி சமாளித்துக்கொள்வான், ஒரு வருடம் விட்டுப்போனால் தாத்தா கோபிக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆடி அமாவாசை அன்று கம்பெனி வேன் என்னை ஏற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டை தாண்டும்போது, பாபநாசம் போகிற சிறப்புப் பேருந்துகள் வரிசையாக நின்றன. ஈரத் தலையோடு ஆட்கள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பா இல்லாமல் முதல் பஸ் போகிறது என்று நினைத்தேன். அத்தோடு மறந்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன்.

ஆறு நாற்பதுக்குத் தம்பி கூப்பிட்டான். வேலை நேரத்தில் அவன் கூப்பிட மாட்டான்.

"அக்கா, அப்பாவ காணும்."

"காணும்னா?"

"ரூம்ல இல்லக்கா. நாங்க நாலு மணிக்கு ஒரு ஷோ பாக்கப் போனோம். தூக்கமா வருது, நீங்க போயிட்டு வாங்கன்னாவ. இப்ப வந்து பாத்தா கட்டில் காலியா கெடக்கு. போன் சார்ஜர்ல கெடக்கு. கீழ ரெண்டு சுத்து சுத்திட்டேன்."

"மத்தியானம் சாப்பிட்டாவளா?"

"வேண்டாம்னுட்டாவ. காலையில சாப்பிட்டதுதான். காபி கூட குடிக்கல. வயிறு சரியில்லன்னு நெனச்சேன்."

"ஏலே, அவிய பையத் தெறந்து பாரு. எள்ளுப் பொட்டலம் இருக்கா?"

"என்ன எள்ளு?"

"பாருல."

அவன் பையைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. எள்ளு இல்லை. துண்டு இல்லை. மாற்று வேட்டியும் இல்லை. "அமாவாசை நாளைக்குத்தானக்கா?" என்றான். "காலையில கூட்டிட்டுப் போலாம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"கூறுகெட்டவனே, இங்கன விடிஞ்சாச்சுலே. அவிய கைக்கடியாரம் எந்த ஊரு நேரம் காட்டுது?"

அமெரிக்கா போன நாளிலிருந்து அப்பா கடிகாரத்தை மாற்றவே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை வைத்து அவனே கேலி பண்ணியிருக்கிறான். தாத்தாவுக்கு அமெரிக்க நேரம் தெரியாது என்பார் அப்பா. நெல்லையில் பொழுது விடிகிற நேரம் பார்த்து அவர் கிளம்பியிருக்கிறார். அங்கே அது நல்ல வெயில் அடிக்கிற சாயங்காலம்.

என் திரையில் ஒரு மூலையில் எப்போதும் அந்த ஊரின் வெப்பம் ஓடிக்கொண்டிருக்கும். விருந்தினர்கள் அதைத்தான் அதிகம் கேட்பார்கள். அப்போது அது நூற்றுப் பன்னிரண்டு பாரன்ஹீட் காட்டியது. நம் கணக்கில் நாற்பத்து நாலு. தயவுசெய்து பத்து நிமிடத்துக்கு மேல் வெளியே நிற்காதீர்கள், கையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்று காலையிலேயே ஏழெட்டுப் பேருக்குத் தட்டியிருந்தேன். சர்க்கரை வியாதிக்காரர், வெறும் வயிறு, தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத ஆள் அந்த வெயிலில் எங்கேயோ நிற்கிறார். நான் அனுப்பி வைத்த இடத்தில் நிற்கிறார்.

சொந்தக்காரர்கள் விஷயத்தை நாங்களே கையாளக் கூடாது என்று எங்களுக்கு விதி. எங்கள் டீம் லீடர் வயதில் மூத்தவர். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும், "நீ எந்திரிம்மா, நான் பாக்குதேன்" என்றார்.

"முடியாது அண்ணாச்சி. எங்கப்பா எங்க போவாவன்னு உங்களுக்குத் தெரியாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, என்னிடம் அப்போது காத்திருந்த மற்ற விருந்தினர்களை எல்லாம் தன் திரைக்கு மாற்றிக்கொண்டார். ஒருவன் கூடுதலாகத் தலையணை கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அதற்குப் பதில் தட்டிக்கொண்டே, "வெரசா பாரு" என்றார்.

முதலில் நீச்சல்குளத்து ஆட்களுக்குத் தகவல் போட்டேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வயதான இந்தியர். பதில் வர மூன்று நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. பதில் வந்தது. ஆமாம், ஐந்து மணிக்கு அப்படி ஒருவர் வந்தார். அந்த ஓடும் தண்ணீர் ஓரமாக ரொம்ப நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீச்சல் உடை இல்லாமல் உள்ளே நிற்கக்கூடாது என்று சொன்னோம். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

அங்கே அப்போது மணி ஆறேகால். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. என் பேச்சை நம்பி அவர் நேராக அங்கேதான் போயிருக்கிறார். பீர் டம்ளர்களுக்கு நடுவே வேட்டியும் எள்ளுமாக நின்றிருக்கிறார். அந்த நிமிடம் என் செவிட்டில் யாராவது ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

ஹோட்டலுக்கு முன்னால் பாட்டுக்குத் தகுந்தாற்போல் நீர் பீய்ச்சும் பெரிய குளம் ஒன்று உண்டு. தம்பியை அங்கே ஓடச் சொன்னேன். முன்வாசல் காவலுக்கும் எழுதினேன். தம்பி குளத்தைச் சுற்றி ஓடிவிட்டு மூச்சு வாங்கக் கூப்பிட்டான். இல்லை. காவலிலிருந்தும் பதில் வந்தது. இல்லை. மாடிகளில் தேடுகிறோம், சூதாட்ட ஹாலில் கேமரா பார்க்கிறோம், பொறுமையாக இருங்கள் என்றார்கள். நான் மற்றவர்களுக்கு நாலு வருடமாகத் தட்டுகிற அதே வார்த்தைகள். அவற்றால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி எங்கே தேடச் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணாச்சிதான் கேட்டார்.

"ஏம்மா, ரூம் எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

"ஜன்னல் வழியா என்ன தெரியும்?"

பின்பக்கத்து ரூம் கிடைத்தவர்கள் எல்லாரும் ஒரே புகாரைத்தான் எழுதுவார்கள். ஊரின் விளக்கு அலங்காரம் எதுவும் தெரியவில்லை, லாரி நிற்கிற மைதானமும் ஒரு சாக்கடையும்தான் தெரிகிறது என்பார்கள். மன்னிப்புக் கேட்டு அனுப்ப எங்களிடம் அதற்கென்றே எழுதி வைத்த ஒரு பத்தி உண்டு. அது சாக்கடை இல்லை. எப்போதாவது மழை கொட்டினால் வெள்ளம் வடிவதற்காகச் சிமெண்டில் கட்டிப்போட்ட அகலமான கால்வாய். மற்ற நாளில் காய்ந்து கிடக்கும். ஊரில் வடிகிற கழிவு ஏதாவது நடுவில் கொஞ்சம் ஓடும்.

"ஏலே, ரூமுக்குப் போயி ஜன்னல் வழியா பாரு. கால்வாய் தெரியுதா?"

அவன் மேலே போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. "தெரியுதுக்கா. நடுவுல கோடு மாதிரி தண்ணி மினுங்குது."

"ஆளு தெரியுதா?"

"தெரியல. ஒரு பாலம் இருக்கு. அதுக்கு அடியில இருட்டா இருக்கு."

"அங்கனதான். ஓடு."

காவலுக்கு எழுதினேன். கால்வாய் எங்கள் எல்லைக்கு வெளியே, நாங்கள் அவசர உதவிக்குச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் சுற்றி வர நேரம் ஆகும். தம்பிக்கு வழி தெரியாது. அவன் மறுபடியும் லிஃப்டில் இறங்கியதும், மணியடிக்கிற சத்தமும் சிரிப்புச் சத்தமும் போனில் கேட்டன.

"ஏலே, எங்க நிக்க?"

"மெஷின் எல்லாம் இருக்கு... இது வழியா போனா பின்வாசல் வராதா?"

"அதுக்குள்ள போவாத. திரும்பு."

அந்த ஹாலைக் கட்டியிருப்பதே உள்ளே போனவன் வெளியே வரக் கூடாது என்றுதான். ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது, நேரான வழி ஒன்று கிடையாது. நேராகப் போவது போல் இருக்கும், சுற்றிவிட்டு மறுபடியும் சீட்டு மேசைக்கே கொண்டுவந்து விடும். வழி தெரியாமல் கால் மணி நேரமாக நடக்கிறேன் என்று தினமும் யாராவது எழுதுவார்கள். ஆனால் சாப்பாடு கொண்டுவருகிற வண்டிக்காரர்களுக்கு நான் வேறு வழி சொல்வேன். அந்த வழியைத் தம்பிக்குச் சொன்னேன்.

"லிஃப்டுக்கு எடது கை பக்கம் ஐஸ் மெஷின் இருக்கும். அதுக்குப் பக்கத்துல பேர் எழுதாத சாம்பல் கலர் கதவு. தள்ளு. தொறக்கும்."

"தொறந்துட்டேன்."

"அது வேலைக்காரவ போற வழி. தரையில கார்ப்பெட் இருக்காது. சலவை வண்டி நிக்கும். நேரா போ. ரெண்டாவது திருப்பத்துல வலது பக்கம் திரும்பு."

"யாரோ கத்துதாங்கக்கா."

"கத்தட்டும். நிக்காத. இரும்பு ஷட்டர் வரும். அதுக்கு வெளிய லாரி எறக்குத எடம்."

நான் ஒரு நாளும் கால் வைக்காத நடைபாதையில் என் தம்பி ஓடுகிற சத்தம் என் காதில் கேட்டது. ஷட்டர் சத்தம் கேட்டது. வெளியே போனதும், "அக்கா, தீயா இருக்குக்கா" என்றான். அதற்குப் பிறகு அவன் மூச்சுதான் கேட்டது. எங்கள் ஹாலில் மற்றவர்கள் தட்டுவதைக் கூட நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி மட்டும் யாருக்கோ நாடகச் சீட்டு எங்கே வாங்குவது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"கம்பி வேலி இருக்குக்கா."

"ஓரமாப் பாரு. ஆளு போற அளவுக்கு எங்கயாவது ஓட்ட இருக்கும்."

இருந்தது. சரிவில் அவன் சறுக்கி விழுந்து, "அம்மா" என்று கத்தினான். அம்மா செத்துப் பத்து வருடம் ஆகிறது. பிறகு செருப்புச் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"ஏலே." மறுபடியும் கூப்பிட்டேன். "ஏலே, சொல்லித் தொலைல."

"இருக்காவ," என்றான். "உக்காந்திருக்காவக்கா. பாலத்துக்கு அடியில. கூட யாரோ ஒரு ஆளு இருக்கான்."

"மூச்சு இருக்கா?"

"என்னப் பாத்து சிரிக்காவ."

நான் மேசையில் கவிழ்ந்து அழுதேன். சிரித்தார் என்று அவன் சொன்ன கொஞ்ச நேரத்தில் அப்பா அவன் கையிலேயே மயங்கிச் சாய்ந்தார் என்பதும், ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவருக்கு வேர்வை கூட நின்றுபோயிருந்தது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியும். இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

அடுத்த நாலு மணி நேரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்டால், வேலை செய்துதான். அண்ணாச்சி வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? இருந்த இடத்திலேயே இருந்தேன். ஒரு பெண் தனக்குக் கொடுத்த ரூமில் ஜன்னல் வழியாக ஒரு சாக்கடைதான் தெரிகிறது என்று எழுதினாள். எழுதி வைத்த பத்தியை அனுப்பக் கை வரவில்லை. அண்ணாச்சியிடம் தள்ளிவிட்டேன். நடுநடுவே தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். ஊசி போட்டிருக்கிறார்கள், ட்ரிப்ஸ் ஏறுகிறது, கண் திறந்தார், மறுபடியும் தூங்குகிறார். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் எடுக்கப் பயந்தேன்.

பதினோரு மணிக்கு வீடியோ கால் வந்தது. போனை எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்கு ஓடினேன். அப்பா தலையணையில் சாய்ந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கையில் ட்ரிப்ஸ் ஊசி. பார்த்ததும் நான் அழுதிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"கோட்டியாப்பா உங்களுக்கு? அந்த வெயில்ல தண்ணி குடிக்காம அப்படி என்ன வேண்டிக் கெடக்கு? உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நாங்க என்ன பண்ணுவோம்?"

"பையப் பேசுட்டி. இங்கன நர்சு தூங்குதவங்க இருக்காவன்னு சொல்லுதாவ."

"அந்தக் கால்வாயில போயி விட்டீங்களாக்கும், எள்ளும் தண்ணியும்?"

"அதுல எப்படிட்டி விட? கழிவு. நாத்தம் தாங்கல," என்றார். பேச்சு நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. "பாலத்துக்கு அடியில ஒரு ஆளு பாயப் போட்டுக் குடியிருக்கான். என்னப் பாத்ததும் பயந்துட்டான் போல, ஒரு பாட்டில் தண்ணி குடுத்தான். குடி குடின்னு கையக் காட்டுதான். நான் அதக் கையில ஊத்தி, உங்க தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் விட்டுட்டேன்."

பின்னால் நின்ற தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "குடிக்கத் தந்த தண்ணியக்கா. முழு பாட்டிலும்."

"அந்தாளும் இப்படித்தான் தலையில அடிச்சான்," என்றார் அப்பா. "ஃபாதர், மதர்னு சொன்னேன். மேல கையக் காட்டுனேன். கொஞ்ச நேரம் என்னயே பாத்தான். பெறவு உள்ள போயி அவனுக்குன்னு வச்சிருந்த இன்னொரு பாட்டில எடுத்துட்டு வந்து குடுத்தான். அதத்தான் குடிச்சேன்."

அந்த மனிதன் கொடுத்த இரண்டாவது பாட்டில்தான் அவரைப் பிழைக்க வைத்தது என்று டாக்டர் தம்பியிடம் சொல்லியிருந்தார். படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே கடையில் ஆடித் தள்ளுபடிக்கு யாரோ மைக்கில் கூவிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் மனதில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது.

"அப்பா, அது ஆறு இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்கள்ட்ட பொய் சொன்னேன்."

தம்பி என்னைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி," என்றார் அப்பா. "பாலவனத்துல கட்டடத்துக்குள்ள ஏது ஆறு? மொத நாளு ஜன்னல் வழியா அந்தக் கால்வாயப் பாத்து வச்சுட்டேன். அங்க போற வழியில நீ சொன்னதயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னுதான் நீச்சல்குளத்துக்குப் போனேன்."

"தெரிஞ்சும் எதுக்குப்பா அந்த ஊருக்குப் போனீங்க? அமாவாசைய விட்டுட்டு?"

"உன்ன உள்ள விடமாட்டேன்னுட்டானுவல்லா," என்றார். "மெட்ராஸ்ல இருந்து நீ வந்த அன்னைக்கு ஒரு வார்த்த பேசல. காலையில எந்திச்சு வேலைக்குப் போயிட்ட. நாலு வருசமா ஊருக்கெல்லாம் அந்த எடத்துக்கு வழி சொல்லுத. எப்படி இருக்குன்னு நம்ம வீட்டுல ஒரு ஆளாவது பாத்துட்டு வந்து உனக்குச் சொல்லணும்லா."

நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டேன். படியேறி வந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனாள். அப்பா அவசரப்படவில்லை. நான் அழுது முடிக்கிற வரை காத்திருந்தார்.

"சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்கப்பா" என்றேன். அவர் வாசல் கதவிலிருந்து தொடங்கினார்.